இராணியை இழந்த தேன்கூடு: ஒரு சாதாரணப் புழு அரசியாகும் விதம்



திருக்குர்ஆனின் 16ஆவது அத்தியாயம் தேனீயின் பெயராலேயே ஸூரதுந் நஹ்ல் என அழைக்கப்படுகிறது. அதன் 68ஆம், 69ஆம் வசனங்கள் தேனீயின் வீட்டமைப்பையும், அது செல்லும் வழிகளையும், அதன் வயிற்றிலிருந்து வெளிவரும் பானத்தையும் நினைவூட்டிச் சிந்திப்போரின் கவனத்தை அதன்பால் திருப்புகின்றன. தேனின் மருத்துவ குணம் குறித்து நாம் பல உரைகளைக் கேட்டிருக்கிறோம். தேனைத் தரும் அந்தக் கூடு தன் இராணியை இழந்து அழிவின் விளிம்பில் நிற்கும்போது என்ன நிகழ்கிறது, அதனை எவ்வாறு மீட்கலாம் என்பதை நாம் பெரும்பாலும் கேட்டதில்லை. இன்று அதனையே சிறிது விரிவாக நோக்குவோம்.

நமது நாட்டில் வீட்டுத் தோட்டங்களில் வளர்க்கப்படுவது ஏபிஸ் செரானா எனும் விஞ்ஞானப் பெயர்கொண்ட ஆசியத் தேனீயாகும். முன்னோர் இதனை மட்பானைகளிலும் குடையப்பட்ட மரத்துண்டுகளிலும் குடியேற்றினர். இன்று மரச்சட்டங்கள் பொருத்திய பெட்டிகளில் வளர்க்கிறோம். சிறிய முதலீட்டில், ஹலாலான வருமானம் தேடும் இளைஞர்கள் சிலரும் இத்தொழிலில் இறங்கியுள்ளனர். இரண்டு அல்லது மூன்று பெட்டிகளை மட்டும் வைத்திருக்கும் ஒரு குடும்பத்துக்கு, ஒரு பெட்டி அழிவது சிறிய இழப்பன்று.

இராணியின் பணி யாது?

ஒரு கூட்டில் பல்லாயிரம் பணித்தேனீக்கள் இருந்தாலும் முட்டையிடும் இராணி ஒன்றே. கூட்டுக்கு அது கட்டளையிடுவதில்லை. அதன் பணி இரண்டு. முதலாவது, நாள்தோறும் நூற்றுக்கணக்கில் முட்டையிடுவது. இரண்டாவது, தன் உடலிலிருந்து ஒருவித வாசனைப் பொருளைச் சுரந்து கூடு முழுவதும் பரவச்செய்வது. இராணியைச் சூழ்ந்து நின்று அதற்கு உணவூட்டும் தேனீக்கள், அவ்வாசனையை உணர்கொம்புகளாலும் வாயாலும் ஏனைய தேனீக்களுக்குக் கடத்துகின்றன. அது பரவும்வரை தம் தாய் உயிருடன் இருக்கிறது என்பதைக் கூட்டிலுள்ள அனைத்தும் உணர்ந்து அமைதியாகப் பணியாற்றும்.

பணித்தேனீக்கள் அனைத்தும் பெண்ணினத்தைச் சேர்ந்தவையே. எனினும் அவை ஆண் தேனீக்களுடன் இணைவதில்லை. கருவுற்ற முட்டையிலிருந்து பெண் தேனீயும், கருவுறாத முட்டையிலிருந்து ஆண் தேனீயும் தோன்றுகின்றன. ஆகவே, கருவுற்ற முட்டையை இடக்கூடிய இராணி இல்லாவிட்டால் அக்கூட்டில் புதிய பணித்தேனீ பிறக்க வழியில்லை. பணித்தேனீயின் ஆயுளோ வேலை மிகுந்த காலத்தில் ஏறத்தாழ 5 அல்லது 6 வாரங்களே.

இழப்பை அறிவது எவ்வாறு?

இராணி முதுமையால் இறக்கலாம். இணைசேரப் பறந்து சென்றபோது பறவைகளுக்கு இரையாகலாம். ஆனால் பல பெட்டிகளில் இழப்புக்குக் காரணம் வளர்ப்பவரின் அவசரமே. தேனெடுக்கும்போது சட்டத்தை முரட்டுத்தனமாக இழுத்து இராணியை நசுக்குவதும், இருளில் அடையைக் கண்டபடி அறுப்பதும் இதற்குள் அடங்கும்.

இராணியின் வாசனை குன்றியதும் சில மணி நேரத்துக்குள் கூட்டில் அமைதி குலைகிறது. மூடியைத் திறந்தால் வழமையான மெல்லிய ரீங்காரத்துக்குப் பதிலாக நீண்டதொரு இரைச்சல் எழும். தேனீக்கள் வாசலில் இலக்கின்றி அங்குமிங்கும் ஓடும். மூன்று நாட்களின் பின்னர் அடையைச் சூரியனுக்கு முதுகுகாட்டி நின்று சாய்த்துப் பார்த்தால் அறைகளின் அடியில் முட்டை இராது. முட்டையானது மெல்லிய வெண்ணிற இழைத்துண்டு போலிருக்கும். இட்ட நாளில் அது நேராக நிற்கும், மறுநாள் சாயும், மூன்றாம் நாள் படுத்துவிடும். ஆதலால் நிமிர்ந்து நிற்கும் ஒரு முட்டையைக் கண்டால் அண்மையில்வரை இராணி அங்கு இருந்திருக்கிறது என முடிவு செய்யலாம்.

ஆனால் முட்டை இல்லை என்பதால் மட்டும் இராணி இல்லை எனத் தீர்மானித்துவிடக் கூடாது. பூக்கள் குறைந்த காலத்தில் இராணி முட்டையிடுவதை நிறுத்துவதுண்டு. இன்னும் இணைசேராத இளம் இராணி உள்ளே இருக்கவும் கூடும். இதனைச் சோதிக்கும் வழியைப் பின்னர் காண்போம்.

நாட்களின் கணக்கு

இங்கு ஒவ்வொரு நாளும் பெறுமதியானது. முட்டை பொரிக்க 3 நாட்கள் செல்லும். அதிலிருந்து வரும் புழு ஒரு நாள் வயதைக் கடந்து வளர வளர, அதனை நல்ல இராணியாக்கும் வாய்ப்புக் குறைந்துகொண்டே போகும். எனவே இராணி இறந்த நாளிலிருந்து 4 அல்லது 5 நாட்கள் சென்றதும், அக்கூடு தன் சொந்த முயற்சியால் சிறந்த இராணியை உருவாக்கும் ஆற்றலை இழந்துவிடுகிறது.

இராணி இறந்த உடனேயே தேனீக்கள் ஒரு நாள் வயதான புழுவைத் தெரிந்து வளர்க்கத் தொடங்குவதாகக் கொள்வோம். ஏறத்தாழ 12ஆம் நாளில் புதிய இராணி வெளிவரும். அது முதிர்ந்து இணைசேர்ந்து முட்டையிடத் தொடங்க மேலும் 10 நாட்களளவில் ஆகும். அம்முட்டைகளிலிருந்து பணித்தேனீக்கள் வெளிவர இன்னும் 20 நாட்களளவில் தேவை. ஆக, முதலாவது புதிய பணித்தேனீ தோன்றும்போது 42 நாட்கள் கடந்திருக்கும். பழைய இராணியின் கடைசி முட்டையிலிருந்து வந்த தேனீ அப்போது 22 நாள் வயதில் இருக்கும். புதிய குஞ்சுகளுக்கு உணவளிக்க ஆளுண்டு. கூடு மெலிந்தாலும் பிழைத்துக்கொள்ளும்.

வளர்ப்பவர் இரண்டு வாரம் கவனியாதிருந்து, அதன் பின்னரே முயற்சியைத் தொடங்குகிறார் எனின், புதிய தேனீ தோன்ற 56 நாட்களுக்கு மேலாகும். அவ்வேளை பழைய தலைமுறையின் கடைசித் தேனீயும் தன் ஆயுளின் முடிவை நெருங்கியிருக்கும். வளர்க்கக் கைகளின்றிப் புதிய இராணி மட்டும் எஞ்சும். 2 வாரத் தாமதம் ஒரு கூட்டின் வாழ்வையே தீர்மானித்துவிடுகிறது.

எந்தப் புழு இராணியாகிறது?

இராணியாவதற்கென்று தனி முட்டை இல்லை. இராணியும் பணித்தேனீயும் ஒரேவிதமான முட்டையிலிருந்தே தோன்றுகின்றன. 18ஆம் நூற்றாண்டில் ஜெர்மனியின் ஷிராக் என்பவர், பணித்தேனீயாக வளரவிருந்த புழுவிலிருந்தே தேனீக்கள் இராணியை உருவாக்குவதைக் கண்டறிந்தார். ஜெனீவாவைச் சேர்ந்த பிரான்சுவா ஹூபர் கண்பார்வை அற்றவர். தம் பணியாளர் பர்னென்ஸின் கண்களைத் துணையாகக் கொண்டு பல்லாண்டு ஆராய்ந்து, இதனை உறுதிசெய்து 1792இல் நூலாக வெளியிட்டார். பார்வையற்ற ஒருவர் பார்வையுள்ளோர் காணாததை உலகுக்குக் காட்டியது இளைஞர்கள் மனத்திருத்த வேண்டிய செய்தியாகும்.

வேறுபாட்டைத் தோற்றுவிப்பது உணவாகும். இளம் பணித்தேனீக்களின் தலைச் சுரப்பிகளிலிருந்து வரும் வெண்ணிறப் பாலை அரசகூழ் என்பர். ராயல் ஜெலி எனக் கடைகளில் விற்கப்படுவதும் இதுவே. எல்லாப் புழுக்களுக்கும் முதல் 3 நாட்கள் அளவில் சுரப்பிப்பால் கிடைக்கிறது. அதன் பின்னர், பணித்தேனீயாகவிருக்கும் புழுவுக்குத் தேனும் மகரந்தமும் கலந்த எளிய உணவு வழங்கப்படுகிறது. இராணியாகவிருக்கும் புழுவோ தொடக்கம் முதல் இறுதிவரை அரசகூழிலேயே மிதக்கிறது. 2008இல் அவுஸ்திரேலிய விஞ்ஞானிகள் வெளியிட்ட ஆய்வொன்று, இவ்வுணவு வேறுபாட்டின் விளைவாகப் புழுவின் மரபணுக்களில் சில இயங்குவதும் சில அடங்குவதும் மாறுகின்றன எனக் காட்டியது. மரபணு ஒன்றே. அதிலிருந்து வெளிப்படும் உடலும் ஆயுளும் வேறு. பணித்தேனீ சில வாரங்களில் இறந்துவிட, இராணி சில ஆண்டுகள் வாழவல்லது.

வளர்ப்பவர் செய்ய வேண்டியவை

இராணியை உருவாக்குவது தேனீக்களின் வேலை. அவற்றுக்குத் தேவையானவற்றைத் தக்க தருணத்தில் கொடுப்பதே நமது வேலை.

முதலாவதாக, இராணியுள்ள ஆரோக்கியமான வேறொரு பெட்டியிலிருந்து முட்டைகளும் மிகச் சிறிய புழுக்களும் நிறைந்த ஒரு சட்டத்தை எடுக்க வேண்டும். புழுக்கள் பை போல ஊதியோ நிறம் மாறியோ இறந்து கிடக்கும் பெட்டியிலிருந்து ஒருபோதும் எடுக்கலாகாது. அதனால் நோயையும் சேர்த்தே கொண்டுசெல்வோம். சட்டத்தை உதறாமல், மென்மையான தூரிகையாலோ இலைக்கொத்தாலோ அதிலுள்ள தேனீக்களைத் தாய்ப்பெட்டிக்குள் தள்ளிவிட வேண்டும். அப்பெட்டியின் இராணி சட்டத்தில் இல்லை என்பதை இருமுறை பார்த்துக்கொள்ளுங்கள்.

இரண்டாவதாக, அச்சட்டத்தை வெயிலும் காற்றும் படாதவாறு ஈரத்துணியால் போர்த்தி, தாமதமின்றி இராணியற்ற பெட்டியின் நடுவில் வைக்க வேண்டும். சட்டங்களின் அளவு பொருந்தாவிட்டால், உள்ளங்கையளவு அடைத்துண்டை அறுத்து, மேல்பக்கம் மேலாகவே இருக்கும்படி வெற்றுச் சட்டத்தில் வாழைநாரால் கட்டிவிடலாம். சில நாட்களில் தேனீக்களே அதனை மெழுகால் ஒட்டிக்கொள்ளும்.

மூன்றாவதாக, உணவு. சீனியும் நீரும் சம அளவில் கலந்த பாகை மாலை வேளையில் உள்ளே வைக்க வேண்டும். வெளியில் சிந்தினால் எறும்பும் அயல்கூட்டுத் தேனீக்களும் கொள்ளையிட வரும். அரசகூழைச் சுரப்பவை இளம் தேனீக்களே. ஆதலால் கூட்டில் இளம் தேனீக்கள் குறைவாயிருந்தால், வெளிவரும் தறுவாயிலுள்ள மூடிய புழுவறைகள் நிறைந்த மற்றொரு சட்டத்தையும் சேர்த்துக் கொடுப்பது நன்று.

நான்காவதாக, 3ஆம் நாளில் ஒருமுறை மெதுவாகத் திறந்து பாருங்கள். கூடு உண்மையில் இராணியை இழந்திருந்தால், கச்சான் கோதைப் போல் கீழ்நோக்கித் தொங்கும் இராணி அறைகளைக் கட்டத் தொடங்கியிருக்கும். ஒன்றையும் கட்டாவிட்டால் உள்ளே ஓர் இராணி இருக்கக்கூடும் எனக் கொண்டு பொறுத்திருக்க வேண்டும். முன்னர் கூறிய சோதனை இதுவே. 3ஆம் நாளுக்குள்ளேயே மூடப்பட்டுவிட்ட இராணி அறைகள் இருந்தால் அவற்றை அகற்றிவிடுங்கள். வயது கடந்த புழுவிலிருந்து அவசரமாக உருவாக்கப்பட்டவை அவை. அவற்றிலிருந்து வரும் இராணியின் சூலகம் குறைவளர்ச்சியுடையதாக இருக்கும்.

ஐந்தாவதாக, 6ஆம் நாளளவில் நேரானதும் பெரியதுமான ஓர் அறையை, ஐயமிருந்தால் இரண்டை, விட்டுவைத்து ஏனையவற்றை நீக்க வேண்டும். பல இராணிகள் அடுத்தடுத்து வெளிவந்தால் கூடு பல பிரிவுகளாகப் பிரிந்து பறந்துவிடும். வேறொரு பெட்டியும் இராணியின்றி இருந்தால், நீக்கும் அறையைச் சுற்றியுள்ள அடையோடு சேர்த்து அறுத்து அங்கே பொருத்தலாம். இந்நாட்களில் சட்டத்தைத் தலைகீழாகத் திருப்புவதும் குலுக்குவதும் உள்ளிருக்கும் உயிருக்கு ஊறு விளைவிக்கும்.

பெருந்தொகையில் இராணிகளை உருவாக்குவோர், புழுவை நுண்ணிய கருவியால் தூக்கி மெழுகுக் கிண்ணங்களில் இடும் முறையைப் பின்பற்றுவர். அமெரிக்கரான டூலிட்டில் 1889இல் எழுதிய நூலின் மூலம் அம்முறை பரவியது. ஓரிரு பெட்டி வைத்திருப்போருக்கு மேற்கூறிய எளிய முறையே போதுமானது. நேரில் கற்க விரும்புவோர், பண்டாரவளை பிந்துனுவெவவில் விவசாயத் திணைக்களத்தின் கீழுள்ள தேனீ அபிவிருத்திப் பிரிவினை அணுகலாம்.

மூடியைத் திறவாதிருத்தல்

ஏறத்தாழ 12ஆம் நாளிலிருந்து இராணி வெளிவரும். அதற்குச் சற்று முன்னர் பணித்தேனீக்கள் அறையின் நுனியிலுள்ள மெழுகை அகற்றிவிடுவதால், உள்ளிருக்கும் பழுப்பு நிற உறை தெரியும். அறையின் நுனி வட்டமான மூடிபோல் திறந்து தொங்கினால் இராணி நலமாக வெளிவந்தது எனலாம். பக்கச் சுவர் கிழிக்கப்பட்டிருந்தால் போட்டி இராணி அதனை அழித்துவிட்டது என்பது பொருள்.

இதன் பின்னர் இரண்டு வாரம் பெட்டியைத் திறவாதிருப்பதே மிகக் கடினமான பணி. நமது தேனீ அமைதி குலைந்தால் கூட்டையே கைவிட்டுப் பறந்துசெல்லும் இயல்புடையது. மேலும், இளம் இராணி இணைசேரப் பறக்கும் காலம் இதுவே. கொய்னிகரும் விஜயகுணசேகரவும் இலங்கையில் செய்து 1976இல் வெளியிட்ட ஆய்வு, இங்குள்ள மூவகைத் தேனீக்களின் ஆண்கள் வெவ்வேறு நேரங்களில் பறப்பதைக் காட்டியது. கொம்புத்தேனீயின் ஆண்கள் நண்பகலையடுத்தும், நமது பெட்டித் தேனீயின் ஆண்கள் மாலை 4 மணி கடந்தும், மலைத்தேனீயின் ஆண்கள் சூரியன் மறையும் அந்தியிலும் பறக்கின்றனர் என அது கண்டது. ஒரே வானத்தைப் பகிர்ந்துகொள்ளும் மூன்று இனங்களும் ஒன்றின் நேரத்தில் மற்றொன்று குறுக்கிடாத அவ்வொழுங்கு வியப்புக்குரியது. நமக்கு அது தரும் நடைமுறைப் பாடம், அந்நாட்களில் மாலைப் பொழுதில் பெட்டியின் அருகே நடமாட்டத்தையும் புகையையும் தவிர்ப்பதாகும். பெட்டியின் இடத்தை மாற்றினால் திரும்பிவரும் இராணி வழிதவறிவிடும்.

இரண்டு வாரத்தின் பின்னர் அறைக்கு ஒரு முட்டை வீதம், அடியின் நடுவில் ஒழுங்காக இடப்பட்டிருப்பதைக் கண்டால் கூடு மீண்டுவிட்டது. அல்ஹம்துலில்லாஹ்.

காலம் கடந்துவிட்டால்

இராணியும் இளம் புழுக்களும் இல்லாத நிலை நீடித்தால் பணித்தேனீக்களே முட்டையிடத் தொடங்கும். நமது தேனீயினத்தில் இது வெகு விரைவில் நிகழ்வதுண்டு. ஓர் அறையில் பல முட்டைகள், அறையின் அடியில் அன்றிச் சுவர்களில் ஒட்டிய முட்டைகள், நடுவில் சிறு துளையுடன் குவிந்து நிற்கும் மூடிகள் என்பன இதன் அடையாளங்கள். அத்தகைய மூடி ஆண் தேனீ அறைக்குரியது. அம்முட்டைகள் கருவுறாதவை. பிறப்பவை யாவும் ஆண்களே. தேன் சேர்க்கவோ குஞ்சு வளர்க்கவோ அவை உதவா.

இந்நிலையிலுள்ள கூடு, கொடுக்கப்படும் இராணியைப் பெரும்பாலும் ஏற்பதில்லை. இதனைத் தனியே காக்கப் பல வாரம் போராடுவதை விட, இராணியுள்ள பலமான பெட்டியோடு இணைத்துவிடுவதே அறிவுடைமை. மாலையில் பலமான பெட்டியின் மேல் ஒரு பத்திரிகைத் தாளை விரித்து, சில நுண்துளைகளிட்டு, அதன்மேல் மற்றதை வைக்க வேண்டும். தேனீக்கள் தாளைக் கடித்து வழியமைப்பதற்குள் இரு கூட்டின் வாசனையும் ஒன்றாகிச் சண்டை தணியும். பெட்டி ஒன்று குறைந்தாலும் உயிர்கள் வீணாகா. பலமடைந்த கூட்டைப் பூக்காலத்தில் மீண்டும் இரண்டாகப் பிரிக்கலாம்.

நமக்குரிய படிப்பினை

தேனீயின் வாழ்வையும் மனித வாழ்வையும் எல்லாவற்றிலும் ஒப்பிடுவது முறையாகாது. புழுவுக்குத் தெரிவு கிடையாது. நம் பிள்ளைகளுக்கு அறிவும் விருப்பமும் அருளப்பட்டுள்ளன. எனினும் பெற்றோராகிய நாம் எண்ணிப்பார்க்க வேண்டியவை சில இங்குண்டு. இன்னார் மகன் இவ்வளவுதான் படிப்பான், இன்னார் மகளுக்கு இது போதும் என்று பிறப்பை வைத்து அளவிடும் பழக்கம் நம்மிடையே இன்னும் நீங்கவில்லை. ஒரே முட்டையிலிருந்து இருவகை வாழ்வு தோன்றுவதைக் கண்ட பின்னரும் அவ்வாறு பேசுவது தகுமா? ஊட்ட வேண்டியதை ஊட்ட வேண்டிய வயதில் ஊட்டினோமா என்பதே நம்மை நோக்கி எழும் கேள்வி. அதேபோல், கொடுக்க வேண்டியதைக் கொடுத்த பின்னரும் ஓயாது மூடியைத் திறந்து பார்த்துக்கொண்டிருப்பதும் வளர்ப்பாகாது. பிள்ளை தானே பறந்து, தானே திரும்பிவரக் கற்கும் காலமொன்று உண்டு. அப்போது வீடு இருந்த இடத்தில் இருந்தால் போதும்.

இளைஞர்களே! தேனீ வளர்ப்பில் இறங்குவோர் ஒரு கொப்பியை வாங்கி, ஒவ்வொரு பெட்டிக்கும் ஒரு பக்கம் ஒதுக்கி, பார்த்த நாளையும் கண்டதையும் எழுதிவையுங்கள். முட்டை கண்ட நாள், சட்டம் கொடுத்த நாள், அறை மூடிய நாள் என்பன அதில் இருக்கட்டும். நாட்கணக்கை நினைவில் மட்டும் வைப்பவர் 3ஆம் நாளையும் 6ஆம் நாளையும் எளிதில் தவறவிடுவார். நம் பொறுப்பில் விடப்பட்ட சின்னஞ்சிறு உயிர்களும் ஓர் அமானிதமே.

வல்ல அல்லாஹ் நம் உழைப்பில் பரக்கத் செய்வானாக! நம் பிள்ளைகளை உரிய பருவத்தில் உரிய முறையில் வளர்க்கும் ஆற்றலை நமக்குத் தந்தருள்வானாக! ஆமீன்.